கெரட்டோகோனஸ்: பிளஸ் டூ பையனுக்கு சி3ஆர் இப்போதே செய்வதா, தேர்வு முடியட்டுமா?

அரவேணு அம்மா

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் அரவேணு எங்கள் ஊர். மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். எட்டாவதிலிருந்து கண்ணாடி போடுகிறான். இரண்டு வருடமாக எப்போது சோதித்தாலும் நம்பர் மாறியிருக்கிறது, அதிலும் சிலிண்டர் பவர்தான் (கருவிழி வளைவு சீராக இல்லாததற்குத் தரும் நம்பர்) ஏறிக்கொண்டே போகிறது. புதுக் கண்ணாடி போட்டும் வலது கண்ணில் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே நிழலாக இன்னோர் எழுத்து தெரிகிறது என்கிறான். போன வாரம் கோவையில் கருவிழி ஸ்கேன் எடுத்தோம். இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ், அதாவது கண்ணின் முன்புறம் கண்ணாடி போல இருக்கும் கருவிழி மெலிந்து கூம்பிக்கொண்டு வரும் நோய், வலதில் அதிகம், இடதில் ஆரம்ப நிலை என்றார்கள். ரிப்போர்ட்டில் வலது கே-மேக்ஸ் (கருவிழியில் மிக அதிகமான வளைவு) 54, கனம் 465 மைக்ரான். இடது 47, கனம் 498.

வலது கண்ணுக்கு சீக்கிரம் சி3ஆர் (கருவிழியை உறுதியாக்கும் சிகிச்சை) செய்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில்தான் முடிவு வரவில்லை. "சின்னப் பையன் கண்ணில் கை வைக்க வேண்டாம், 18 முடியட்டும்" என்கிறார் மாமியார். மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். பையன் கேட்பது ஒன்றுதான், இதைச் செய்தால் கண்ணாடி போய்விடுமா? மலையில் இருந்துகொண்டு இதைச் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

குன்னூர் பிக்கப்

அக்கா, நான் குன்னூர். தோட்டங்களிலிருந்து பச்சைத் தேயிலை ஏற்றி ஃபேக்டரிக்கு வண்டி ஓட்டுகிறேன். எனக்கு இரண்டு கண்ணிலும் சி3ஆர் ஆகியிருக்கிறது.

தம்பியின் கேள்விக்கு முதல் பதில்: கண்ணாடி போகாது. பார்வையைக் கூட்டுவதற்காக இதைச் செய்வதில்லை. நோய் இதற்கு மேல் போகாமல் நிறுத்துவதற்காகச் செய்கிறார்கள். இதை அவனிடம் முன்கூட்டியே, நன்றாகப் புரியும்படி சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள். தெரியாமல் போகிறவர்கள், செய்த பிறகும் எழுத்து இரண்டாகத்தான் தெரிகிறது, பணம் வீண் என்று சொல்லிவிட்டு அடுத்த செக்கப்புக்கே போகாமல் விட்டுவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து.

எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறேன். ஊசி கிடையாது. சொட்டு விட்டே கண்ணை மரக்க வைத்தார்கள். இமை மூடாமல் ஒரு கம்பி மாட்டினார்கள். கருவிழியின் மேல்தோலை மெல்லச் சுரண்டி எடுக்கிறார்கள். ஏதோ நடக்கிறது என்று தெரியும், வலி தெரியாது. அப்புறம் மஞ்சள் நிறச் சொட்டு, சில நிமிடத்துக்கு ஒரு தரம், அரை மணி நேரம். மூக்கோரமாக வழிந்து சட்டைக் காலர் மஞ்சளாகிவிட்டது. பிறகு ஒரு நீல விளக்கை நேராகப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். கடைசியில் புண் ஆறும்வரை கண்ணில் இருக்கும் பேண்டேஜ் லென்ஸ் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

மரப்பு தெளிந்ததும் எரிச்சல் ஆரம்பிக்கும். கண்ணீர் நிற்காது, மூக்கும் சேர்ந்து ஒழுகும். டியூப்லைட் வெளிச்சம்கூடத் தாங்க முடியாமல் ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டுப் படுத்தேன். முதல் இரண்டு மூன்று நாள் கஷ்டம்தான், பையனிடம் அதை மறைக்காதீர்கள். மேல்தோல் வளர்ந்து லென்ஸை எடுத்த பிறகு நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஒரு மாதம்போல எல்லாம் பனிமூட்டத்துக்குள் பார்ப்பதாகவே இருந்தது. முன்பைவிட மோசமாகிவிட்டதோ என்று பயம் வரும். அது தானாகத் தெளிந்தது.

ஒன்று முக்கியம். செய்த அன்றைக்கே மலை ஏறாதீர்கள். லென்ஸ் எடுக்கும்வரை கீழேயே தங்குங்கள். நான் மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் இருந்தேன்.

ஊட்டி கண்ணாடிக்கடை

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் சோதித்துக் கண்ணாடி நம்பர் பார்ப்பவன். கடைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளில் அவ்வப்போது இதைக் கண்டுபிடித்துக் கீழே அனுப்புகிறோம். மற்ற பெற்றோர்களும் படிப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிள்ளையின் கண்ணாடி நம்பர் ஆறு மாதத்துக்குள் திரும்பத் திரும்ப மாறினால், சிலிண்டர் ஏறினால், ஆக்சிஸ் இடம் மாறினால், எந்தக் கண்ணாடி போட்டும் 6/6 வரி வராவிட்டால், கண்ணாடியை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். கருவிழி டோப்போகிராஃபி, அதாவது வளைவை அளக்கும் ஸ்கேன் எடுங்கள். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சும் ரெட்டினோஸ்கோப்பில் பார்க்கும்போது இந்தக் கண்களில் வெளிச்சம் ஒரே பட்டையாக நகராமல் இரண்டாகப் பிரிந்து எதிரெதிராகத் திறந்து மூடும். நல்ல ஆப்டோமெட்ரிஸ்டுக்கு அதுவே சந்தேகம் கிளப்பிவிடும். ஆனால் அளவெடுத்து உறுதிசெய்ய ஸ்கேன்தான் வேண்டும்.

அடுத்தது கண் கசக்குவது. அம்மா, உங்கள் மகன் கசக்குவானா? அதை நீங்கள் எழுதவில்லை. நம் ஊரில் குளிர்காற்று, விறகுப் புகை, பூந்தூள், டீ ஃபேக்டரித் தூசி என்று அலர்ஜிக்குக் காரணம் எத்தனையோ. பிள்ளைகள் விரலை மடக்கி அந்தக் கணுவால் அழுத்தித் தேய்க்கிறார்கள். மெலிந்த கருவிழிக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. கவிழ்ந்து படுத்துக் கண்ணைத் தலையணையில் அழுத்தித் தூங்குவதும் வேண்டாம். சி3ஆர் செய்துவிட்டுக் கசக்கிக்கொண்டே இருந்தால் செய்ததன் பலனும் போய்விடும்.

அரவேணு அம்மா

கசக்குவான் சார், சின்ன வயதிலிருந்தே. காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவோம், உடனே அடங்கும். கோவை டாக்டர் அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு வேறு எழுதிக்கொடுத்தார்.

கருவிழி முதுநிலை

கண் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன், சொந்த ஊர் கோத்தகிரிதான். அந்தப் பாட்டிலில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். ஸ்டீராய்டு சொட்டு அரிப்பைச் சட்டென்று அடக்கும். ஆனால் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடலாம், புரையும் வரலாம். அலர்ஜிக்குத் தொடர்ந்து விடக்கூடிய வேறு சொட்டுகள் இருக்கின்றன. சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய இமைமேல் வைத்தாலும் அரிப்பு குறையும். அடுத்த முறை போகும்போது கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. "18 ஆகட்டும்" என்பது லேசர் போட்டுக் கண்ணாடியை எடுக்கும் லாசிக்குக்குச் சொல்லும் கணக்கு. சி3ஆருக்கு அது நேர் எதிர். கெரட்டோகோனஸ் வேகமாக ஓடுவதே பதின்ம வயதில்தான். முப்பது, நாற்பதை நெருங்கும்போது பெரும்பாலும் தானாக மட்டுப்படும். வயது குறைவாக இருப்பதுதான் சீக்கிரம் செய்யச் சொல்லும் காரணம். பிரிட்டனில் 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளை வைத்து கெராலிங்க் என்று ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2021-இல் வந்தது. பாதிப் பேருக்கு சி3ஆர், மீதிப் பேருக்கு வழக்கமான கண்ணாடி, லென்ஸ். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது சி3ஆர் செய்த பிள்ளைகளில் 7 சதவீதம் பேருக்குத்தான் நோய் முன்னேறியிருந்தது. செய்யாதவர்களில் 43 சதவீதம்.

என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். கருவிழிக்கு உறுதி தருவது கொலாஜன் இழைகள். இந்த நோயில் இழைகளுக்கு இடையே உள்ள பிடிப்பு தளர்கிறது. உள்ளிருக்கும் அழுத்தம் தள்ளத் தள்ள மெலிந்த இடம் முன்னால் கூம்பிக்கொண்டு வருகிறது. பீன்ஸ் கொடிக்கு நட்ட குச்சிகள் காற்றில் சாயத் தொடங்கினால் குறுக்குக் குச்சி வைத்துக் கட்டுவோமே, அந்த வேலையைத்தான் சி3ஆர் செய்கிறது. மஞ்சள் சொட்டு ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. அது ஊறிய கருவிழியில் புற ஊதா-ஏ ஒளி படும்போது இழைகளுக்கு நடுவே புதிய வேதிப் பிணைப்புகள் உண்டாகின்றன. சாய்ந்ததை நிமிர்த்துவது இதன் வேலை அல்ல. ஒரு வருடத்தில் ஒன்றிரண்டு டயாப்டர் (கே-மேக்ஸ் எண்ணின் அலகு) தட்டையாவது உண்டு, ஆனால் அதை எதிர்பார்த்துச் செய்யக் கூடாது.

ஜெர்மனியில் டிரெஸ்டனில் சைலர், ஸ்பெர்ல், வோலன்சாக் ஆகியோர் உருவாக்கிய முறை இது. நோயாளிகளுக்குச் செய்த முதல் முடிவுகளை 2003-இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் எஃப்.டி.ஏ. 2016-இல்தான் ஒப்புதல் தந்தது. மூல முறையில் 30 நிமிடம் சொட்டு, பிறகு சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் அளவில் 30 நிமிடம் ஒளி. இப்போது பல இடங்களில் 9 மில்லிவாட்டில் 10 நிமிடத்தில் முடிக்கிறார்கள். கருவிழியில் படும் மொத்த ஆற்றல் இரண்டிலும் சதுர சென்டிமீட்டருக்கு 5.4 ஜூல்தான்.

இப்போது ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வலது கனம் 465. இதில் மேல்தோல் ஏறக்குறைய 50 மைக்ரான். சுரண்டி எடுத்தால் மிஞ்சுவது 415. சி3ஆருக்கு 400 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை. ஏனென்றால் கருவிழியின் உட்புறத்தில் எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள் இருக்கின்றன. அவை செத்தால் மறுபடி முளைக்காது. புற ஊதா அங்கே போய்ச் சேராமல் தடுக்க அவ்வளவு கனம் தேவை. அதற்கும் கீழே போனால் கருவிழியை ஊதவைக்கும் தனி ரைபோஃப்ளேவின் சொட்டு, நேரத்தை மாற்றும் முறைகள் எல்லாம் உண்டு, ஆனால் நேர்வழி கடினமாகிவிடும். உங்கள் மகன் எல்லைக்கு 15 மைக்ரான் மேலே நிற்கிறான். மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இயற்கை வாழ்வு

யாரையும் குறை சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறேன். மருந்து வைட்டமின் பி2, கருவி புற ஊதா ஒளி. இரண்டும் நம்மிடம் இருக்கிறதே. பி2 மாத்திரை எடுத்துக்கொண்டு தினமும் காலை வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் கண்ணைச் சுரண்டாமலே அதே வேலை நடக்காதா? மலை வெயிலுக்குப் புற ஊதா அதிகம் என்பார்கள். வசதியில்லாத குடும்பங்களுக்கு உதவுமே என்றுதான் கேட்கிறேன்.

கருவிழி முதுநிலை

கேட்டது நல்லதுதான் சார், வெளியிலும் பலர் இதைச் சொல்கிறார்கள். கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. மாத்திரையாகச் சாப்பிடும் பி2-வில் உடம்புக்குத் தேவைப்படாதது சிறுநீரில் போய்விடும், மஞ்சளாகத் தெரிவது அதுதான். கருவிழிக்குள் தேவைப்படும் அடர்த்திக்கு அது வராது. மேல்தோல் இருக்கும்போது நேரடியாக விடும் சொட்டே சரியாக இறங்குவதில்லை, அதனால்தான் சுரண்டுகிறார்கள். சுரண்டாமல் செய்யும் முறைகளும் உண்டு, அவற்றுக்குத் தனி மருந்துக் கலவையே வேண்டியிருக்கிறது.

வெயில் விஷயம் இன்னும் முக்கியம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும், ஊட்டி 2240 மீட்டர். விளக்கில் வருவது 365 நானோமீட்டரை ஒட்டிய ஒளி, அளந்த நேரம், அளந்த வட்டம். சூரியனில் எல்லாம் கலந்து வருகிறது. ரைபோஃப்ளேவின் ஊறிய கருவிழி அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதால்தான் உள்ளே கண்ணின் சொந்த லென்ஸும் விழித்திரையும் தப்பிக்கின்றன. வெயிலைப் பார்த்து நிற்பவருக்கு அந்தக் காப்பு இல்லை. தயவுசெய்து எந்தப் பிள்ளையையும் வெயிலைப் பார்க்கவிடாதீர்கள். இந்தப் பையன் சி3ஆருக்குப் பிறகு வெளியே வந்தால் மேகமாக இருந்தாலும் கூலிங் கிளாஸ் போடட்டும்.

வசதி இல்லாதவர்கள் காப்பீட்டு அட்டையுடன் மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுன்டரில் முதலில் கேளுங்கள். ஒரு கண்ணுக்கா, இரண்டுக்குமா, சொட்டு மருந்தும் லென்ஸும் சேர்த்தா என்று தொகையைத் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கூடலூர் தையல்

நான் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் இதே நோய். எங்கள் காலத்தில் யாரும் பெயர் சொல்லவில்லை, வருடா வருடம் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் காலையில் எழுந்தால் இடது கண்ணில் கருவிழி வெள்ளையாக ஊதியிருந்தது. வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியவில்லை. உள்சவ்வு கிழிந்து தண்ணீர் புகுந்துவிட்டது, ஹைட்ராப்ஸ் என்றார்கள். மாதக்கணக்கில் சொட்டு விட்டு ஊதல் வடிந்தது. நடுவில் தழும்பு நின்றுவிட்டது. யாரோ இறந்தபின் கொடுத்த கருவிழியை எனக்கு வைத்துத் தைத்தார்கள்.

அந்தக் குடும்பத்துக்கு நான் தினமும் கும்பிடு போடுகிறேன். பார்வை கிடைத்தது, ஊசியில் நூல் கோர்க்கிறேன். ஆனால் தையல் பிரிப்பது, உடம்பு ஏற்கிறதா என்று பார்ப்பது, சொட்டு, கண் கொஞ்சம் சிவந்தாலும் உடனே பஸ் ஏறிப் போவது என்று வருடக்கணக்கில் நீள்கிறது. கண்ணில் அடிபடக் கூடாது என்பதால் விறகு பிளக்கும் பக்கம்கூடப் போவதில்லை. அக்கா, உங்கள் பையனுக்கு அந்த நிலை வராமல் தடுக்க இன்றைக்கு ஒரு வழி இருக்கிறது. மாமியாரிடம் என் கதையைச் சொல்லுங்கள்.

அரவேணு அம்மா

இதை அப்படியே வாசித்துக் காட்டினேன். மாமியார் வேறொன்றும் சொல்லவில்லை, "எப்போது போகிறீர்கள்" என்றுதான் கேட்டார். ரொம்ப நன்றி தங்கச்சி.

இப்போது மிச்சம் இருப்பது தேர்வு. அரையாண்டு விடுமுறையில் வைத்துக்கொள்ளலாமா? ஜனவரியில் ரிவிஷன் டெஸ்ட் ஆரம்பித்துவிடும். இடது கண்ணுக்கும் சேர்த்தே செய்வார்களா?

கருவிழி முதுநிலை

விடுமுறை முதல் நாளே என்று கேளுங்கள். அதற்கு முன்பே தேதி கிடைத்தால் அதுவும் நல்லது. இடது கண் கண்ணாடியுடன் நன்றாகத் தெரிகிறது என்றால் லென்ஸ் எடுத்த பிறகு அந்தக் கண்ணால் படித்துக்கொள்ளலாம். முதல் வாரம் புத்தகம் வேண்டாம், யாராவது வாசித்துக் காட்டுங்கள். வலது கண்ணுக்கு உடனே புதுக் கண்ணாடி போடாதீர்கள், நம்பர் நிலைக்கச் சில மாதம் ஆகும்.

இடது கண்ணில் இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். சிலர் மூன்று மாதத்தில் மறு ஸ்கேன் எடுத்து, கூடியிருந்தால் செய்வார்கள். சிலர், இந்த வயதில் ஒரு கண் இவ்வளவு போயிருக்கும்போது இடதையும் விடக் கூடாது என்று வலது தேறியதும் செய்துவிடுவார்கள். இவன் கசக்குகிறவன், வயது 17. நானாக இருந்தால் இரண்டாவது பக்கம்தான் சாய்வேன். பழைய கண்ணாடிச் சீட்டுகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள், நோய் ஓடும் வேகம் அதில் தெரியும்.

ஊட்டி கண்ணாடிக்கடை

ஸ்கேனை ஒவ்வொரு முறையும் ஒரே வகை மெஷினில் எடுங்கள். ஒரு மெஷினின் எண்ணையும் இன்னொன்றின் எண்ணையும் ஒப்பிட்டால் கூடாதது கூடியதாகத் தெரியும், கூடியது தெரியாமலும் போகும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் டாக்டர் சொல்லும் காலத்துக்கு அதை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்புறம், வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா? கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரு முறை டோப்போகிராஃபி எடுத்துவிடுங்கள். இது குடும்பத்தில் வரக்கூடியது.

குன்னூர் பிக்கப்

கீழே தங்குங்கள் என்று சொன்னேனே, அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மேல்தோல் மூடும்வரை கண் திறந்த புண். அந்த நாட்களில் வலி குறைந்துவிட்டுத் திடீரென்று கூடினாலும், சிவப்பு ஏறினாலும், சீழ் வந்தாலும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். டிசம்பரிலும் மழை விட்டிருக்காது. பர்லியார் பக்கம் மண் சரிந்தாலோ, குஞ்சப்பனை ரோட்டில் மரம் விழுந்தாலோ இறங்கவே முடியாது. சொந்தக்காரர் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் அறை எடுங்கள். மேலே வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார வைக்காதீர்கள், காற்று அறையும்.

பார்வைக்கும் வழி இருக்கிறது. நிலைத்த பிறகு எனக்கு ஸ்கிளீரல் லென்ஸ் போட்டார்கள். பெரிய லென்ஸ், கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழிமேல் உட்காரும், நடுவில் உப்புநீர் நிற்கும். கண்ணாடி போட்டபோது எதிரே வரும் ஒரு ஹெட்லைட் வால் முளைத்து நாலைந்தாகத் தெரியும், ராத்திரியில் வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிடுவேன். லென்ஸ் போட்டதும் ஒரு விளக்கு ஒரு விளக்காகவே தெரிகிறது. போட்டுக் கழற்றப் பழக வேண்டும், சுத்தம் ரொம்ப முக்கியம், குழாய்த் தண்ணீர் படக் கூடாது.

அரவேணு அம்மா

டிசம்பர் கடைசி வாரத்தில் தேதி கொடுத்துவிட்டார்கள். காரமடையில் என் அண்ணன் வீட்டில் தங்குகிறோம். ஆறாவது படிக்கும் மகளுக்கும் அன்றைக்கே ஸ்கேன். பையன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தான். கண்ணாடி போகாது என்றதும் முகம் வாடியது. லென்ஸ் பற்றிப் படித்ததும் கொஞ்சம் தெளிந்தான். அவனே ஒன்று கேட்க வேண்டுமாம்.

அண்ணா, வணக்கம். நான் ஸ்கூல் ஃபுட்பால் டீமில் இருக்கிறேன். எப்போது ஆடலாம்? தூக்கத்தில் எனக்குத் தெரியாமலே கசக்கிவிட்டால் என்ன செய்வது?

கருவிழி முதுநிலை

தம்பி, லென்ஸ் எடுத்து, டாக்டர் பார்த்து, மேல்தோல் முழுதாக மூடியது என்று சொன்ன பிறகு நடக்கலாம், மெதுவாக ஓடலாம். தூசி பறக்கும் கிரவுண்டும் பந்து முகத்தில் படுகிற ஆட்டமும் குறைந்தது ஒரு மாதம் வேண்டாம், அதற்குப் பிறகும் டாக்டர் சரி என்றால்தான். நீச்சலுக்கும் அதுவே. ஆடத் தொடங்கும்போது விளையாட்டுக்கென்று வரும் பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள். ராத்திரிக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி கொடுப்பார்கள், கண்மேல் டேப் போட்டு ஒட்டித் தூங்கு. காயம் ஆறிய பிறகும் கை தானாகப் போகிறது என்றால் அதை விடாதே. பகலில் அரிக்கும்போது கசக்காமல் சொட்டு விட்டுக் குளிர்ந்த துணி வைத்துப் பழகு. காலையில் எழுந்ததும் கசக்குகிறாய் என்று அம்மா சொன்னார், அந்தத் துணியைக் கட்டில் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் போட்டு வை.